வாளியைப் பார்த்தவர்கள் சேற்றையும் பார்க்க வேண்டும்

கொழும்பில் நுளம்பு ஒழிப்பிலும் கால்நடை நலத்திலும் வேலை செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். நான் மட்டக்குளிப் பக்கம், களனி ஆறு கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, நான்கு பசுவும் ஆறு ஆடும் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். என் கணவரின் அப்பா தொடங்கிய தொழில் இது. விடிய நாலரைக்குப் பால் கறந்து, ஐந்தரைக்குள் தேநீர்க் கடைகளுக்கும் கோயிலுக்கும் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கும் கொடுத்துவிடுவோம். யார் மேலும் முறைப்பாடு வைக்க எழுதவில்லை. எங்கள் கொட்டில் வாசலில் இருந்த ஒரு சேற்றை உங்களுக்குக் காட்ட வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் டெங்குப் பரிசோதனைக்கு ஒரு குழு எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. வந்தவர்கள் வேலையை நன்றாகவே செய்தார்கள். வாளிகளைக் கவிழ்த்தார்கள், பூச்சாடித் தட்டுகளைப் பார்த்தார்கள், பழைய டயர் கிடக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு தம்பி ஏணி வைத்து ஏறிக் கூரைப் பீலியைக்கூடப் பார்த்தார். எல்லாம் சுத்தம் என்று எழுதித் தந்துவிட்டு, கொட்டில் வாசலில் கிடந்த சேற்றில் சப்பாத்து படாமல் எட்டிக் கால்வைத்துத் தாண்டிப் போனார்கள்.

அந்தச் சேற்றில் டெங்கு நுளம்பு வளராதுதான். அதற்குப் பாத்திரம், டயர் போன்றவற்றில் தேங்கி நிற்கும் தண்ணீர் வேண்டும். அவர்கள் கையிலிருந்த தாளில் சேறு என்று ஒரு வரி இருக்கவில்லை, அதனால் தாண்டிப் போனார்கள். ஆனால் சாணமும் தண்ணீரும் கலந்த அந்த ஒரு முழச் சேற்றில்தான் எங்கள் மாடுகளைப் பிடித்து ஆட்டும் பூச்சி பிறந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அதைப் பொடிக்கொசு என்போம். விஞ்ஞானப் பெயர் கியூலிகொயிடிஸ். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வரைதான் நீளம் இருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் மாட்டின் வயிற்றடியில் மிளகுத்தூள் தூவியது போலிருக்கும், அவ்வளவுதான் தெரியும். நுளம்பு மாதிரிக் காதருகே பாடாது. பெண் பூச்சி மட்டுமே கடிக்கும், அதற்கு முட்டை முதிர இரத்தம் வேண்டும். நுளம்பு ஊசி இறக்கி உறிஞ்சுகிறது என்றால், இது தோலைக் கீறி, ஊறிவரும் இரத்தத்தைக் குடிக்கிறது. இவ்வளவு சிறிய பூச்சி கடித்த இடம் அப்படி எரிவதற்கு அதுதான் காரணம். சூரியன் இறங்கும் நேரமும் விடியும் நேரமும் அதன் நேரம். கடற்காற்று பலமாக அடிக்கும் நாளில் தலைகாட்டாது, ஏனென்றால் அதற்குக் காற்றை எதிர்த்துப் பறக்கும் பலம் இல்லை. காற்று விழுந்து, வானம் மூடி, புழுக்கமாக இருக்கும் மாலையில் வந்து மொய்க்கும்.

இதையெல்லாம் நான் முதலில் அறிந்திருக்கவில்லை. கடிப்பது நுளம்புதான் என்று நினைத்துக் கொட்டிலைச் சுற்றிச் சாதாரண நுளம்பு வலை கட்டினோம். செலவு செய்து கட்டிய பிறகும் மாடுகள் இரவெல்லாம் கால் உதைத்தன. வலையின் கண்ணை விடப் பூச்சி சிறியது என்பது பிறகுதான் விளங்கியது. ஒரு மாலை விளக்கடியில் வெள்ளை எனாமல் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் கோப்பையின் அடியில் கரித்தூள் போலப் படிந்திருந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் அக்காவின் மகன் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, “சித்தி, சிறகில் புள்ளி புள்ளியாக இருக்கிறது, இது நுளம்பே இல்லை” என்றான்.

அவன்தான் அடுத்த யோசனையும் சொன்னான். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மண்ணை எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்றான். நாலு ஐஸ்கிரீம் டப்பா எடுத்தோம். ஒன்றில் தண்ணீர்த் தொட்டியின் கசிவடிச் சேறு. இன்னொன்றில் சாணக் குவியலின் ஈர ஓரம். மூன்றாவதில், கொட்டில் கழுவும் தண்ணீர் ஓடி விழும் கானின் விளிம்பு மண். நாலாவதில், கூரைக்குக் கீழே மாடு நிற்கும் இடத்துக் காய்ந்த மண். பழைய மெல்லிய பாவாடைத் துணியை மேலே இழுத்துக் கட்டி, காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்து நிழலில் வைத்தோம். காய்ந்த மண் டப்பாவை மட்டும் காய்ந்தபடியே விட்டோம்.

இரண்டு கிழமையும் சில நாளும் ஆனபோது முதல் டப்பாவின் துணியின் உட்பக்கம் கறுப்பாகப் புள்ளி வைக்கத் தொடங்கியது. தொட்டியின் கசிவடிச் சேறு! நாலைந்து மாதமாகப் பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்த கசிவு அது. கானோர மண்ணிலும் வந்தன, கொஞ்சம் குறைவாக. சாணக் குவியலிலிருந்து வேறு வகை ஈக்கள்தான் அதிகம் வந்தன. காய்ந்த மண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை. எங்கள் நாலு டப்பாவை வைத்து நாட்டுக்கே முடிவு சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் மாட்டின் வயிற்றில் மொய்க்கும் பூச்சி எங்கேயோ தூரத்துச் சதுப்பிலிருந்து வருகிறது என்று இருந்த எனக்கு, அது என் காலடியிலேயே பிறக்கிறது என்று கண்ணால் காட்டியவை அந்த டப்பாக்கள்தான்.

பிறகு தேடிப் படித்தபோது விஷயம் ஒத்துப்போனது. தென்னாசியாவில் மாட்டைக் கடிக்கும் முக்கியமான இனங்கள் சாணம் கலந்த ஈர மண்ணிலும் நீரோரச் சேற்றிலும்தான் முட்டையிடுகின்றன. முட்டை சில நாளில் பொரிக்கும். புழு வெள்ளை நூல்போல, சேற்றின் மேற்பரப்பில் ஓரிரு அங்குலத்துக்குள்ளேயே நெளிந்து திரியும். நம்முடைய வெக்கையில் இரண்டு மூன்று கிழமையில் அது பறக்கும் பூச்சியாகிவிடும். மண் காய்ந்தால் முட்டையும் புழுவும் தாங்காது. சில இனங்களில், சேற்றுக்கு மேல் தண்ணீர் ஏறி நின்றால் கூட்டுப்புழு மூழ்கிச் செத்துவிடும். ஆகவே வெள்ளம் நிற்கும் நாட்களை விட, வெள்ளம் வடிந்து சேறு கிடக்கும் நாட்களில்தான் கவனமாக இருக்க வேண்டும். 2016 மே மாதத்தில் வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் மூழ்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் வடிந்ததும் டெங்கு வரப்போகிறது என்று எல்லோரும் ஓடினார்கள், ஓடத்தான் வேண்டும். அந்த மாதிரிச் சேற்றில் நின்ற மாடுகளுக்கு என்ன வந்தது என்று கேட்க யார் போனார்கள்?

கடியால் என்ன பெரிதாக நட்டம் என்று கேட்கலாம். மாலை ஆறு மணிக்குப் புல்லுக் கட்டை அவிழ்த்துப் போட்டால் மாடு வாய் வைக்காது. தலையை ஆட்டும், வால் ஓயாது, காலை மாறி மாறி உதைக்கும், ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கறக்கப் போனால் வாளியை உதைத்துவிடும். இரவு படுத்து அசைபோடாத மாடு காலையில் என்ன பாலைத் தரும்? ஒரு போத்தல் இரண்டு போத்தல் குறைவது உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். எங்களுக்கு அது அன்றைய புண்ணாக்குக் காசு.

ஆனால் என்னை இந்த மடல் எழுத வைத்தது பால் குறைந்தது அல்ல, கறுப்பி விழுந்தது.

கறுப்பி எங்கள் நாலில் அதிகம் கறக்கும் பசு. ஒரு நாள் மாலை வரை நன்றாக இருந்தவள், அடுத்த நாள் விடிய எழும்பவில்லை. உடம்பு கொதித்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. எழுப்பி நிற்க வைத்தால் ஒரு காலில் நொண்டினாள், கொஞ்ச நேரத்தில் வேறு காலில் நொண்டினாள். மிருக வைத்தியர் வந்து பார்த்து 41 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றார். மாட்டுக்குச் சாதாரணமாக முப்பத்தெட்டரை அளவில்தான் இருக்கும். இது மூன்று நாள் காய்ச்சல், ஒரு வைரசால் வருவது, பூச்சி கடித்துத்தான் பரவும், மாட்டுக்கு மாடு தொட்டுப் பரவாது என்று விளக்கினார். பொடிக்கொசுவும் நுளம்பும் இரண்டுமே அந்த வைரசைக் காவுகின்றன. கொழுத்த மாட்டையும் அதிகம் கறக்கும் மாட்டையும்தான் அது கடுமையாகப் பிடிக்கும். சினை மாடாக இருந்தால் கன்று விழவும் கூடும்.

அவர் சொன்ன ஒரு விஷயத்தை இந்த மடலை வாசிக்கும் மாட்டுக்காரர்கள் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். இந்தக் காய்ச்சலில் மாட்டுக்கு விழுங்கும் சக்தி குறைந்துவிடும். அந்த நேரத்தில் கஷாயத்தையோ மருந்தையோ வாயைப் பிளந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அன்பினால் மிளகுக் கஷாயம் பருக்கிய பசு, காய்ச்சலால் சாகாமல் கஷாயத்தால் செத்தது. மருந்து ஊசியாகப் போகட்டும். நிழலில் வைத்து, கிட்டத் தண்ணீர் வைத்து, ஒரே பக்கம் படுக்க விடாமல் புரட்டிக்கொண்டிருந்தால் அநேகமான மாடுகள் மூன்றாம் நாள் எழும்பிவிடும். கறுப்பியும் எழும்பினாள். ஆனால் அந்த ஈற்றில் அவளுடைய பால் பழைய அளவுக்குத் திரும்பி வரவே இல்லை.

செம்மறி வளர்ப்போருக்கு இதே பூச்சி கொண்டுவரும் நீலநாக்கு நோய் இன்னும் பயங்கரமானது. முகம் வீங்கி, வாய் புண்ணாகி, குளம்போரம் சிவந்து நொண்டி, சிலவற்றுக்கு நாக்கு நீலம் பாய்ந்து சாகும். மனிதருக்குத் தொற்றாது, பாலிலும் இறைச்சியிலும் ஆபத்தில்லை. மாட்டில் பெரும்பாலும் வெளியே தெரியாமலே இருக்கும், ஆனால் அதன் இரத்தத்தில் பல கிழமை வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும். கடிக்கும் பூச்சி அதை அங்கிருந்து எடுத்துச் செம்மறிக்குக் கொடுக்கும். தமிழ்நாட்டில் 1997, 1998 ஆண்டுகளில் வடகீழ்ப் பருவமழையை ஒட்டி இந்த நோய் செம்மறிகளை வாரிக்கொண்டு போனது. பிறகு இந்தியாவில் அந்த வைரசின் ஐந்து வகைகளுக்குச் சேர்த்து ஒரு தடுப்பூசியே செய்தார்கள்.

அது இந்தியாவில்தானே என்று நினைக்க வேண்டாம். பொடிக்கொசு தானாகப் பறந்தால் பெரும்பாலும் சில நூறு மீற்றர்தான் போகும். ஆனால் காற்று தூக்கினால் கடலைத் தாண்டும். 2006இல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனிப் பக்கங்களில் திடீரென்று தோன்றிய நீலநாக்கு, 2007இல் இங்கிலாந்துக்குக் காற்றில் வந்த பூச்சிகளோடுதான் வந்து சேர்ந்தது என்று ஆராய்ந்து சொன்னார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல்தான். குதிரைகளுக்கும் இதே கதைதான். 2020இல் தாய்லாந்தில் ஆபிரிக்கக் குதிரை நோய் வந்து நூற்றுக்கணக்கான குதிரைகள் செத்தன. அதையும் காவியது இந்தக் குடும்பத்துப் பூச்சிதான். அங்கே லாயங்களை முழுக்க வலையால் மூடிக் குதிரைகளைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள். கொழும்பிலும் பொலிஸ் குதிரைகள் நிற்கின்றன.

சரி, இனி புகையடிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒழுங்கையில் புகை இயந்திரம் வரும் நாளில் எங்கள் பக்கத்து ஆட்கள் சந்தோஷப்படுவார்கள், இன்று கடி குறையும் என்று. அன்று குறையும்தான். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் பூச்சி சாகும். ஆனால் சேற்றுக்குள் கிடக்கும் புழுவைப் புகை தொடுவதே இல்லை. நாளைக்கு ஒரு தொகுதி, மறுநாள் ஒரு தொகுதி என்று அது எழும்பி வந்துகொண்டே இருக்கும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, பொடிக்கொசு அந்தியில் எழும்புவது. ஒன்றுக்காக வைத்த நேரம் மற்றதற்குப் பொருந்தாமலும் போகலாம். நோய் பரவும் நேரத்தில் புகைக்கு ஒரு தேவை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாட்டுக்காரர்கள் வந்து கேட்டால் புகையடித்துவிட்டால் போதும் என்று சமாதானம் சொல்லி அனுப்புவது சரியில்லை.

இந்த நாடு மலேரியாவை ஒழித்த நாடு. 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உள்ளூரில் தொற்றிய மலேரியா நோயாளி ஒருவரும் இருக்கவில்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றிதழும் தந்தது. யானைக்கால் நோய்க்கும் அதே 2016இல்தான் சான்று கிடைத்தது. அந்த வெற்றிக்குப் பின்னால், பூச்சி எங்கே பிறக்கிறது என்று கிராமம் கிராமமாக நடந்து பார்த்த கால்கள் இருக்கின்றன. காய்ச்சல்காரர் ஒருவரையும் விடாமல் இரத்தம் எடுத்துப் பார்த்த கைகள் இருக்கின்றன. அந்த அனுபவம் உங்களிடம்தான் இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பங்கை மாட்டுக் கொட்டிலுக்கும் தாருங்கள் என்று கேட்கிறேன்.

நாங்கள் சும்மா இருந்துகொண்டு உங்களிடம் கேட்கவில்லை. தொட்டிக் குழாயை மாற்றினோம். தொட்டியைச் சுற்றி உடைந்த செங்கல்லும் மணலும் போட்டுச் சரிவாக இறுக்கினோம், இப்போது தண்ணீர் சிந்தினாலும் நிற்பதில்லை. சாணத்தை இரண்டு நாளுக்கு ஒரு முறை அள்ளி, மேடான இடத்தில் குவித்து, ஓரங்களைக் கூட்டி மேலே ஏற்றிவிடுகிறோம். குவியலின் நடுவில் சூடேறி எந்தப் புழுவும் இருக்காது, ஈரமான அடியோரம்தான் ஆபத்து. கொட்டிலில் விடியும்வரை எரிந்த டியூப் லைட்டை அந்தி நேரத்தில் அணைத்துவிடுகிறோம். இந்தப் பூச்சி வெளிச்சத்துக்கு வரும். ஆராய்ச்சிக்கு அதைப் பிடிக்கிற பொறிகளே புற ஊதா விளக்கு வைத்தவைதான். நாங்கள் தெரியாமல் மாட்டின் தலைக்கு மேலேயே ஒரு பொறியைத் தொங்கவிட்டிருந்தோம்.

எல்லாவற்றையும் விடக் கைகொடுத்தது மின்விசிறி, எங்கள் பேச்சில் பேன். பழைய நிலைப் பேன் இரண்டை வாங்கி, ஒன்றை வயிற்று உயரத்துக்கு வைத்தோம். அந்த மெல்லிய சிறகால் பேன் காற்றை எதிர்த்து வர முடியாது. மின்கட்டணம் ஏறியது உண்மை, அதனால் ஐந்தரையிலிருந்து எட்டரை வரையும் விடிய ஒரு மணித்தியாலமும் மட்டும் போடுகிறோம். மாமா காலத்துத் தேங்காய்ப் பொச்சு, வேப்பிலைப் புகையும் உண்டு. புகை இருக்கும்வரை பூச்சி விலகும், ஆனால் கன்றுகள் இருமத் தொடங்கின, எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் இழுப்பு. அதனால் அதைக் குறைத்துவிட்டோம்.

மாட்டின் முதுகில் ஊற்றும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைத் தொட்ட பூச்சி சாகும். ஆனால் முதுகில் ஊற்றுவது வயிற்றுக்கும் காலுக்கும் போதுமான அளவு இறங்குவதில்லை, இந்தப் பூச்சிகள் பல கடிப்பதோ அங்கேதான். சில கிழமையில் மருந்தின் வலுவும் குறைந்துவிடும். கறக்கும் மாட்டுக்கு எந்த மருந்து போட்டாலும் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று மிருக வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள் என்று பூச்சி மருந்தை வாங்கித் தெளித்து, போத்தலைக் கானில் கழுவிவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அந்த மருந்து மீனுக்கு விஷம். அந்தக் கான் போய் விழுவது களனியில், அங்கே வலை வீசிப் பிழைக்கிறவர்களும் எங்கள் ஆட்கள்தான்.

இவ்வளவும் செய்தும் கடி முழுவதும் நிற்கவில்லை. பாதியாகக் குறைந்தது என்றுகூட உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏனென்று முதலில் விளங்கவில்லை. பிரித்தானியாவில் பண்ணைகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்தபோதுதான் விளங்கியது. சாணக் குவியல்களை மூடி வைத்துப் பார்த்தார்கள், அதனால் மட்டும் பறக்கும் பூச்சி குறையவில்லை. பண்ணையைச் சுற்றி வேறு எத்தனையோ ஈர இடங்கள் இருக்கின்றன. எங்கள் ஒழுங்கையிலும் அதே நிலைதான். என் சேறு காய்ந்தது. பக்கத்து வளவில் ஆடு கட்டியிருக்கும் அண்ணனின் சேறு காயவில்லை. அதற்கப்பால் பொதுக் கான் அடைத்து வழிந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுக்கும் உரிமையும் கருவியும் எனக்கு இல்லை. ஒரு வீடு மட்டும் செய்து தீராத வேலை இது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் அல்ல. டெங்குக்கு வீடு வீடாகப் போகும் குழுவின் தாளில், கால்நடை இருக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒரு வரி சேருங்கள்: தொட்டியடி ஈரம், கொட்டில் கழுவும் தண்ணீர் போகும் வழி, சாணக் குவியலின் ஓரம். மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வந்திருப்பவருக்கு ஏற்கெனவே தேடிப் பார்க்கும் கண் இருக்கிறது, எங்கே தேடுவது என்று மட்டும் சொன்னால் போதும்.

சாணத்துக்கு ஒரு வழி காட்டுங்கள். இது மிக முக்கியம். கிராமத்தில் சாணம் தோட்டத்துக்குப் போகும், கொழும்பில் அது எங்கே போகும்? குப்பை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். சேர்த்து வைத்தால் பக்கத்து வீட்டார் மணக்கிறது என்பார்கள். கடைசியில் இரவோடு இரவாகக் கானில் தள்ளிவிடுவார்கள், கான் அடைத்துச் சேறாகும், சேற்றில் பூச்சி பிறக்கும். அதே நகரத்தில் பூச்செடி விற்கும் நர்சரிக்காரர்கள் சாண எருவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! கிழமைக்கு ஒரு நாள் ஒரு சிறிய லொறி வந்து சாணத்தை மட்டும் எடுத்துப் போக ஒழுங்கு செய்தால், நாங்களே சாக்கில் கட்டி வைத்துவிடுவோம். எருவை விற்று வரும் காசில் லொறிச் செலவில் ஒரு பங்காவது தேறும் என்று நம்புகிறேன்.

அப்புறம், பயத்தைப் பற்றி. நகரத்துக்குள் மாடு வைத்திருக்கும் பலர் அதிகாரி வருகிறார் என்றால் மாட்டை மறைக்கிறார்கள். தண்டம் போடுவார்கள், மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தால் நோய் வந்த மாட்டையும் மறைக்கிறார்கள். 2020இல் வடக்கில் மாட்டின் தோல் முழுக்கக் கழலை எழும்பும் நோய் வந்ததும், 2023இல் குருநாகல் பக்கம் அது பெருகியதும் உங்களுக்குத் தெரியும். கடிக்கும் பூச்சிகள்தான் அதையும் பரப்பின. அப்படி ஒன்று கொழும்பில் தொடங்கினால் முதலில் பார்க்கப்போவது எங்களைப் போன்றவர்கள்தான். நாங்கள் பயப்படாமல் ஓடி வந்து சொல்கிற மாதிரி ஒரு தொலைபேசி இலக்கமும், தமிழிலும் சிங்களத்திலும் பேசக்கூடிய ஒருவரும் வேண்டும். முதல் தடவை வரும்போது தண்டப் பத்திரத்தை வைத்துவிட்டு வாருங்கள். சேற்றைக் காட்டி, எப்படிக் காய வைப்பது என்று சொல்லித்தாருங்கள். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்து பாருங்கள். அதற்குப் பிறகும் செய்யாதவருக்கு உங்கள் சட்டம் இருக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஆடும் மாடும் பல மாவட்டங்களிலிருந்து லொறி லொறியாகக் கொழும்புக்கு வருகின்றன. சில நாள் நெருக்கமாகக் கட்டி வைத்திருப்பார்கள். வெளியில் தெரியாமல் இரத்தத்தில் வைரஸ் உள்ள விலங்கும் சேற்றில் பிறந்த பூச்சியும் அங்கேதான் சந்திக்கும். பள்ளிவாசல் நிர்வாகங்களோடும் வியாபாரிகளோடும் முன்கூட்டியே பேசி, காய்ந்த, காற்றோட்டமான இடங்களைத் தெரிவு செய்துகொடுத்தால் அவர்கள் நிச்சயம் ஒத்துழைப்பார்கள். விலங்கை நல்லபடி வைத்திருப்பது தங்கள் கடமை என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மடலை யாரும் எடுத்துக்கொண்டு போய், பூச்சி வருகிறது, சதுப்பை நிரப்புங்கள், சதுப்பில் மருந்தடியுங்கள் என்று சொல்லிவிட வேண்டாம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. அந்தச் சதுப்புகள் வெள்ளத்தைத் தாங்கி வைத்திருப்பதால்தான் எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் இன்னும் இரண்டடி கூடுதலாக வராமல் இருக்கிறது. அங்கே தும்பியும் மீனும் தவளையும் இருக்கின்றன. சாணம் கலந்து மிதிபட்ட கொட்டிலடிச் சேற்றில் அவை ஒன்றும் இல்லை. பிரச்சினை கொட்டிலைச் சுற்றி இருபது முப்பது அடிக்குள் இருக்கிறது, அங்கேயே அதைப் பிடிக்கலாம்.

தொட்டிக் குழாயை மாற்றிய பிறகு, அதே இடத்து மண்ணை மறுபடி ஒரு டப்பாவில் எடுத்து வைத்தோம். மூன்று கிழமை தாண்டியும் அதிலிருந்து ஏழெட்டுத்தான் வந்தன. பழைய டப்பாவையும் புதிய டப்பாவையும் துணியோடு அப்படியே வைத்திருக்கிறேன். எந்த நாள், எந்த அலுவலகம் என்று சொன்னால் இரண்டையும் எடுத்துக்கொண்டு வருவேன், அக்காவின் மகனும் உருப்பெருக்கியோடு வருவான். நீங்கள் இங்கே வருவதானால் காலையில் வர வேண்டாம். மழை விட்டு நாலைந்து நாள் கழித்து, காற்று விழுந்த ஒரு மாலையில் ஆறு மணிக்கு வாருங்கள். பேனை நிறுத்திவிடுகிறேன். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கறுப்பியின் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்குளியில் மாடு வளர்க்கும் ஒருத்தி